வடசென்னைப் பள்ளி நூலகமும் அதன் பொறுப்பாசிரியரும்

ராயபுரத்திலிருந்து தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் வழியாக எண்ணூர்க் கழிமுகம் வரை நீளும் வடசென்னைக் கடற்கரைப் பகுதியின் வரலாறு பெரும்பாலும் போக்குவரத்து, தொழில் ஆகியவற்றின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. 1856-இல் ராயபுரத்திலிருந்து புறப்பட்ட தென்னிந்தியாவின் முதல் ரயிலும், 1881-ஆம் ஆண்டுப் புயலில் சிதைந்து மீண்டும் கட்டப்பட்ட துறைமுகமும், விடுதலைக்குப் பின் எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் எழுந்த மோட்டார் வாகன ஆலைகளும் அந்த வரலாற்றின் மைல்கற்கள். அந்த ஆலைகளிலும் படகுகளிலும் உழைத்தவர்களின் பிள்ளைகள் படித்த பள்ளிகளில் நூலகம் என்று ஒன்று இருந்ததா, இருந்தால் அதைப் பார்த்துக்கொண்டவர் யார், அவர் தம் தொழிலை எங்கே கற்றார் என்னும் கேள்விகள் அந்த எழுத்தில் இடம்பெறுவது அரிது. பள்ளி நூலகர் என்னும் முழுநேரப் பணியிடம் பெரும்பாலான அரசு, மாநகராட்சிப் பள்ளிகளில் இல்லாமையால், தமிழாசிரியரோ வேறு பாட ஆசிரியரோ தம் பாடவேளைகளோடு சேர்த்து நூலகத்தையும் கவனித்து வந்தார். அவரையே பள்ளி வழக்கில் நூலகப் பொறுப்பாசிரியர் என்பர். இன்று இணையக் கருவிகளைக் கற்று அவற்றைக் கொண்டு கற்பிக்க வேண்டியவராக நிற்பவரும் இவரே.

இப்பகுதியில் கல்வியும் ஏடும் புதியவை அல்ல. திருவொற்றியூர்த் தியாகராசர் கோயில் கல்வெட்டுகள் அங்கே பாணினியின் இலக்கணத்தை விளக்கிக் கற்பிப்பதற்கென்றே ஒரு மண்டபம் இருந்ததைக் குறிப்பிடுகின்றன. வியாகரண தான வியாக்யான மண்டபம் என்று பெயர் பெற்றிருந்த அதற்கும், அங்கே கற்பித்தவர்களுக்கும் கற்றவர்களுக்கும், மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில் நிலம் ஒதுக்கப்பட்டிருந்தது. கற்பிக்கும் இடத்தைக் கட்டியதோடு நில்லாமல், கற்பிப்பவர் வேறு வேலை தேடாமல் அங்கேயே இருப்பதற்கும் வழிசெய்த ஏற்பாடு அது. பிற்காலத்துப் பள்ளி நூலகங்களுக்குக் கட்டடமும் அலமாரியும் கிடைத்து ஆள் மட்டும் கிடைக்காமல் போனதை நினைக்கும்போது இந்தப் பழைய ஏற்பாட்டின் அருமை விளங்கும். எனினும் அந்தக் கல்வி வடமொழி இலக்கணம் பயிலத் தகுதி பெற்ற சிலருக்கு மட்டுமே உரியதாக இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

உழைக்கும் மக்களின் வாசிப்பு பள்ளிக்கு வெளியேதான் வளர்ந்தது. பெரம்பூரின் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள் அரைநாள் வேலை செய்த சிறுவர்களுக்குப் பள்ளி நடத்தியபோதிலும், ஆலைத் தொழிலாளி செய்தித்தாளையும் துண்டறிக்கையையும் அரசியலோடு சேர்த்தே அறிந்தார். 1918 ஏப்ரலில் பி. பி. வாடியாவின் தலைமையில் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானதும், திரு. வி. க. போன்றோர் அதில் பேசியும் எழுதியும் வந்ததும், ஒருவர் வாசிக்கப் பலர் கேட்கும் பழக்கத்துக்கு வலு சேர்த்தன. 1949 செப்டம்பரில் திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கப் பொதுக்கூட்டம் ராயபுரம் ராபின்சன் பூங்காவில் கொட்டும் மழையில் நடந்த பின், படிப்பகம் என்னும் சிறிய வாசிப்பு மன்றங்கள் தெருதோறும் பெருகின. இரண்டு பெஞ்சுகள், ஒரு மேசை, அன்றைய நாளிதழ்கள், இயக்கத் தலைவர்களின் சிறு வெளியீடுகள் ஆகியவற்றோடு இயங்கிய படிப்பகத்தில் பட்டியலோ வரிசை எண்ணோ கிடையாது. ஆயினும் வடசென்னையில் பலருக்கு அதுவே முதல் நூலகம்.

பள்ளியில் நூலகத்தைப் பார்த்துக்கொள்வதும் ஒரு கலை, அதற்கும் பயிற்சி வேண்டும் என்னும் எண்ணம் இந்நகரில் வேரூன்றியது சீர்காழியில் பிறந்த சி. இரா. அரங்கநாதனால். கணித ஆசிரியராக இருந்த அவர் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்றார். வகுப்பறையில் மாணவர்களோடு வாழ்ந்து பழகியவருக்கு ஆள் வராத நூலகத்தில் உட்கார்ந்திருப்பது சலிப்பைத் தந்ததால், சில நாட்களிலேயே ஆசிரியப் பணிக்குத் திரும்ப விரும்பினார் என்பது அவர் வாழ்க்கை வரலாற்றில் நன்கறியப்பட்ட செய்தி. முதலில் இங்கிலாந்து சென்று நூலகப் பயிற்சி பெற்று வரும்படி அவரை இணங்கச் செய்தார்கள். லண்டனில் கற்றதோடு, அங்குள்ள நூலகங்கள் பலவற்றை நேரில் பார்த்து, ஒரு தெருவின் மனிதர்கள் எல்லோரும் நூலகத்தைத் தம் வீட்டுக்கூடம்போல் பயன்படுத்த முடியும் என்று கண்டு 1925-இல் திரும்பியவர், பிறகு கணித வகுப்புக்குப் போகவே இல்லை.

அவர் கண்டுவந்ததை முதலில் விரித்துரைத்த அவை ஆசிரியர்களின் அவையாக இருந்தது குறிப்பிடத்தக்கது. 1928-இல் சென்னை நூலகச் சங்கம் தொடங்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் சிதம்பரம் மீனாட்சி கல்லூரியில் கூடிய ஆசிரியர்களுக்கு அவர் ஆற்றிய சொற்பொழிவுகளில் நூலக அறிவியலின் ஐந்து விதிகள் உருக்கொண்டு, 1931-இல் நூலாக வெளிவந்தன. நூல் பயன்படுவதற்காகவே இருக்கிறது, வாசகர் ஒவ்வொருவருக்கும் வேண்டிய நூல் கிடைக்க வேண்டும், நூல் ஒவ்வொன்றும் தன் வாசகரைச் சென்றடைய வேண்டும், வாசகரின் நேரம் வீணாகக் கூடாது, நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் என்பவை அவற்றின் சாரம். 1929-இல் சங்கம் நடத்தத் தொடங்கிய கோடைக்காலப் பயிற்சிப் பள்ளியை 1931-இல் பல்கலைக்கழகம் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. 1933-இல் வெளியான அவரது கோலன் பகுப்புமுறை, அதாவது நூலின் பொருளைக் கூறுகளாகப் பிரித்து அக்கூறுகளின் குறியீடுகளை முக்காற்புள்ளியால் இணைத்து எண் அமைக்கும் முறை, உலக நூலகத்துறையில் புதிய பாதையை வகுத்தது. பள்ளி, கல்லூரி நூலகங்களைப் பற்றி 1942-இல் தனி நூலே எழுதினார். பிள்ளைகள் நூலகத்தைப் பயன்படுத்தக் கற்பது பாடத்துக்கு வெளியே உள்ள பொழுதுபோக்கு ஆகாது, பாடம் நடக்கும் முறையே அதுவாக வேண்டும் என்று அவர் கருதினார். இன்றைய இணையவழிக் கற்பித்தலைப் பற்றிப் பேசப்படுவனவற்றில் பாதி இந்த ஒரு கருத்துக்குள் அடங்கிவிடும்.

அவருடைய உழைப்பின் பயனாக விடுதலை பெற்ற இந்தியாவில் முதன்முதலாகச் சென்னை மாகாணத்தில் 1948-இல் பொது நூலகச் சட்டம் இயற்றப்பட்டது. வீட்டு வரியோடு சேர்த்து வசூலிக்கப்படும் நூலக வரியைக் கொண்டு நூலக ஆணைக்குழு கிளை நூலகங்களை நடத்த வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. பொது நூலகத்துக்கு நிலையான வருவாயும் நூலகரும் இவ்வாறு கிடைத்தனர். பள்ளி நூலகமோ அச்சட்டத்தின் எல்லைக்கு வெளியே நின்றது. அதன் பிறகு அமைந்த இடைநிலைக் கல்விக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ. இலட்சுமணசாமி முதலியார். 1953-இல் அக்குழு அளித்த அறிக்கை, ஒவ்வொரு மேல்நிலைப் பள்ளிக்கும் பயிற்சி பெற்ற நூலகர் வேண்டும், அவருக்கு மூத்த ஆசிரியருக்கு நிகரான தகுதியும் ஊதியமும் வேண்டும் என்று பரிந்துரைத்தது. அரங்கநாதன் பணியாற்றிய பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரே எழுதித் தந்த அந்தப் பரிந்துரை, அவ்விருவரும் வாழ்ந்த நகரின் பள்ளிகளிலேயே நிறைவேறவில்லை. தமிழ்நாட்டுக் கல்வி வரலாற்றில் ஆற்றாமையோடு குறிக்க வேண்டிய இடம் இது.

பயிற்சி பெற்ற நூலகர் இல்லாத பள்ளியில் நூலகம் பதிவேடுகளின் வடிவில் வாழ்ந்தது. புதிய நூல் வந்ததும் அதை இருப்புப் பதிவேட்டில் வரிசை எண்ணிட்டு எழுதுவர். அந்த எண்ணை நூலின் முதல் பக்கத்திலும், அதற்கென முடிவு செய்யப்பட்ட உட்பக்கம் ஒன்றிலும் பள்ளி முத்திரையோடு குறிப்பர். முதல் பக்கத்தைக் கிழித்தாலும் நூல் யாருடையது என்று காட்டிக்கொடுக்கும் அந்த உட்பக்கத்தை நூலகத்தார் இரகசியப் பக்கம் என்பார்கள். தணிக்கையின்போது பதிவேட்டில் உள்ள நூல் பீரோவில் இல்லையென்றால் பதில் சொல்ல வேண்டியவர் பொறுப்பாசிரியர்தான். ஆகையால் சாவி அவர் கையிலும், நூல்கள் தலைமையாசிரியர் அறையின் பீரோவிலும் இருந்தன. இதைத் தனி ஆசிரியரின் கஞ்சத்தனமாகக் கொள்வது நியாயமன்று. நூல் தொலைந்தால் தண்டனையும், நூல் படிக்கப்படாமல் கிடந்தால் எந்தக் கேள்வியும் இல்லாத நிலையும் அவரை அப்படி நடக்க வைத்தன. கடலோரப் பள்ளிகளில் இன்னொரு இடரும் சேர்ந்தது. உப்புக்காற்றின் ஈரத்தில் இரும்பு பீரோ துருப்பிடிக்கும், பழைய மலிவுத்தாள் பழுப்பேறிப் பொடியும், பூட்டிய அடுக்கில் வெள்ளிப்பூச்சி பெருகும். தாழ்வான தெருக்களில் மழைநீர் புகுந்தால் கீழ்த்தட்டு நூல்கள் ஊறிப்போகும்.

கணினி வந்தபோது, கற்க வேண்டியவரும் கற்க நேரமில்லாதவரும் அதே பொறுப்பாசிரியராக இருந்தார். தமிழைப் பொறுத்தவரை முதல் தடை எழுத்துருவாக இருந்தது. குறியாக்கம் என்பது ஒவ்வோர் எழுத்துக்கும் கணினியின் உள்ளே தரப்படும் எண்; 1990-களில் ஒவ்வொரு நிறுவனத்தின் தமிழ் எழுத்துருவும் வெவ்வேறு எண்களைக் கொண்டிருந்ததால், ஒரு கணினியில் அரும்பாடுபட்டுத் தட்டெழுதிய நூற்பட்டியல் அதே எழுத்துரு இல்லாத மற்றொரு கணினியில் பொருளற்ற குறிகளாகத் தெரிந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாடு இதற்குத் தீர்வு காண முயன்று, தரப்படுத்தப்பட்ட குறியாக்கங்களோடு தமிழ் 99 என்னும் விசைப்பலகை அமைப்பையும் பரிந்துரைத்தது. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கமும் அமைந்த அதில், ககர விசையை இருமுறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாகவே விழுந்து, ‘பக்கம்’ என்னும் சொல்லின் நடுப்பகுதி உருவாகிவிடும். தமிழின் எழுத்துச் சேர்க்கையை அறிந்தவருக்கு ஒரு வாரத்தில் கைவரக்கூடிய முறை. உலக மொழிகள் அனைத்துக்கும் பொதுவான ஒருங்குறியைத் தமிழ்நாட்டு அரசு 2010-இல் ஏற்ற பின்னரே, பள்ளியில் தட்டெழுதிய தமிழ் எந்தக் கருவியிலும் தமிழாகவே தெரியும் என்ற உறுதி பிறந்தது.

இதற்கிடையே இணையத்தில் தமிழ் நூல்கள் சேரத் தொடங்கியிருந்தன. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தன்னார்வலர்களின் உழைப்பால் பழந்தமிழ் நூல்களைத் தட்டெழுதி இலவசமாக வழங்கியது. 2001-இல் நிறுவப்பட்ட தமிழ் இணையப் பல்கலைக்கழகம், பின்னாளில் தமிழ் இணையக் கல்விக்கழகமாகி, பெரிய மின்னூலகத்தை உருவாக்கியது. 2003-இல் தமிழ் விக்கிப்பீடியா உருவானது. பூட்டிய பீரோவில் இல்லாத நூலையும் ராயபுரத்து மாணவர் படிக்க முடியும் என்னும் நிலை இவற்றால் ஏற்பட்டது. ஆனால் அந்நூல் எங்கே இருக்கிறது, எந்தப் பதிப்பு நம்பத்தக்கது என்று காட்டும் ஆள் தேவைப்படுவது முன்னைவிட மிகுந்தது.

நூலகர்களுக்கு இணையக் கருவிகளைக் கற்பிக்கும் முறைகளில் உலகெங்கும் புகழ்பெற்ற ஒன்று 2006-இல் அமெரிக்காவின் சார்லட் நகரப் பொது நூலகத்தில் உருவானது. ஹெலீன் பிளவர்ஸ் என்பவர் வகுத்த அத்திட்டம் இருபத்துமூன்று சிறு பயிற்சிகளைக் கொண்டது. படங்களைப் பகிர்தல், பலர் கூடி ஒரே பக்கத்தைத் திருத்துதல் போன்றவற்றை ஊழியர்கள் தாமே செய்து பார்த்துக் கற்றனர். அது பல நாட்டு நூலகங்களுக்கும் பள்ளி நூலகர்களுக்கும் பரவியதற்குக் காரணம் அதன் எளிமை மட்டும் அன்று. கற்பதற்குப் பணிநேரத்தில் இடம் தந்ததும், தவறு செய்து பார்க்க அனுமதித்ததும் அதன் உயிர்நாடி. தமிழ்நாட்டில் இதற்கு நெருங்கிய முயற்சி 2017-இல் நடந்தது. மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனத்தின் ஒத்துழைப்போடு பல மாவட்ட ஆசிரியர்கள் தமிழ் விக்கிப்பீடியாவில் கட்டுரை எழுதப் பயிற்சி பெற்றனர். ஆதாரம் காட்டாத வரியை வேறொருவர் கேள்வி கேட்பதும், தாம் எழுதியதைப் பிறர் திருத்துவதும், பாடநூலை இறுதிச் சொல்லாகக் கொண்டு பழகிய வகுப்பறைக்கு முற்றிலும் புதிய அனுபவங்கள். இணையத்திலிருந்து எடுப்பதோடு நில்லாமல் அதற்குத் தரவும் ஆசிரியரைப் பழக்கிய இம்முயற்சிக்கு மற்றப் பயிற்சிகளைவிட உயர்ந்த இடம் உண்டு.

அதன் பின் வந்த மாற்றங்கள் விரைவானவை. 2018-இல் வெளியான புதிய பாடநூல்களில் அச்சிட்ட விரைவுக் குறியீடுகள், அதாவது கைப்பேசியின் கேமராவைக் காட்டினால் காணொளியைத் திறக்கும் கட்டங்கள், திக்‌ஷா என்னும் இணையவழிக் கற்றல் தளத்தோடு இணைக்கப்பட்டன. 2019-இல் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. 2020 மார்ச்சில் கொரோனாப் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது, வீட்டில் இருந்த ஒரே கைப்பேசி துறைமுகத்துக்கோ ஆலைக்கோ போகும் தந்தையுடன் வெளியே சென்றுவிடும் குடும்பங்களில் இணையப் பாடம் இரவில்தான் எட்டியது. ஆசிரியர் அனுப்பிய காணொளியைவிட, மீண்டும் மீண்டும் கேட்கக்கூடிய குரல்பதிவும் ஒருபக்கக் குறிப்பும் குறைந்த தரவில் எளிதாகச் சென்றன. எந்தக் கருவி புதியது என்பதற்கு முன் எந்தக் கருவி அந்த வீட்டை அடையும் என்று கேட்க வேண்டியிருந்தது. மாணவரின் வீட்டை அறிந்த பொறுப்பாசிரியருக்கே அதற்கு விடை தெரியும். 2023-இல் வெளியான மணற்கேணி செயலி பாடங்களைச் சிறு கருத்துகளாகப் பிரித்துக் காணொளியாகத் தருகிறது.

கருவிகள் இவ்வாறு குவிந்தாலும், வடசென்னைப் பிள்ளைகளுக்குத் தம் ஊரைப் பற்றி இணையத்தில் கிடைப்பது மிகக் குறைவு. எண்ணூர்க் கழிமுகத்தின் பழைய நிலப்படத்தையும் இன்றைய செயற்கைக்கோள் படத்தையும் ஒரே திரையில் அடுத்தடுத்து வைத்தால், அனல்மின் நிலையச் சாம்பலும் தொழிற்சாலை நிலமும் நீர்ப்பரப்பை எங்கே ஒடுக்கின என்பதைப் புவியியல் வகுப்பு கண்ணால் காணும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கழிமுகத்தில் எண்ணெய் பரவியதைக் கண்ட மீனவக் குடும்பத்துப் பிள்ளைகள், வலைகளுக்கும் படகுகளுக்கும் நேர்ந்ததைத் தாமே பதிவுசெய்து, ஆதாரத்தோடு எழுத முடியும். திருவொற்றியூர்க் கல்வெட்டு, ராயபுரம் ரயில் நிலையம், தெருமுனைப் படிப்பகம் ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். இதற்குக் காசு கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருள் எதுவும் வேண்டியதில்லை. பள்ளியின் கணினி ஆய்வகமும், பலர் கூடித் திருத்தும் இணைய ஆவணமும், இலவச நிலப்படத் தளமும் போதும். வேண்டுவது கால அட்டவணையில் எழுதப்பட்ட நூலகப் பாடவேளை தேர்வுக்காலத்தில் வேறு பாடத்துக்குப் போய்விடாமல் இருப்பதும், அந்த வேளையை நடத்துபவர் முன்னதாகக் கற்றுத் தயாராவதற்கு அவருடைய பணிநேரத்திலேயே சில மணி ஒதுக்கப்படுவதும். 1953-ஆம் ஆண்டு அறிக்கை கேட்ட நூலகர் பணியிடத்தின் முதல் தவணையாக இதையேனும் இப்போது கொடுக்கலாம்.