தரையைத் தொடுமுன் தீர்மானமாகும் விபத்து: எஞ்சினற்ற அணுகலும் தாம்பரத்தின் பயிற்சி மரபும்

எஞ்சின் இல்லாத கிளைடர் தரையிறங்கும்போது நொறுங்கினால் சிதைவு கிடக்கும் இடமே விபத்தின் இடமாகக் கொள்ளப்படுகிறது. ஆனால் அதன் காரணம் பெரும்பாலும் ஓரிரு நிமிடங்களுக்கு முன்பே, ஓடுதளத்தை நோக்கித் திரும்பும் உயரத்தையும் வேகத்தையும் விமானி தேர்ந்தெடுக்கும்போதே உருவாகிவிடுகிறது. ஆகவே தரையிறக்கப் பயிற்சியில் சக்கரம் மென்மையாகத் தொட்டதா என்பதைவிட, அணுகல் எனப்படும் இறுதி இறக்கப் பாதையில் முடிவுகள் உரிய நேரத்தில் எடுக்கப்பட்டனவா என்பதற்கே கூடுதல் மதிப்பு தரப்பட வேண்டும்.

கிளைடருக்கு உயரமே எரிபொருள். அதைச் செலவிட்டபின் மீட்டுத்தர எஞ்சின் இல்லை. ஓடுதளத்தை எட்ட முடியாதோ என்று அஞ்சும் விமானி, மூக்கை உயர்த்தினால் இன்னும் சிறிது தூரம் மிதக்கலாம் என்று உள்ளுணர்வால் நம்புகிறார். உண்மையில் வேகம் ஓர் எல்லைக்குக் கீழே குறைந்ததும் இறக்கம் செங்குத்தாகி, இறக்கைமேல் காற்றோட்டம் பிரிந்து தூக்குவிசை சரியும் 'ஸ்டால்' நிலை நெருங்குகிறது. திருப்பத்தில் இந்த ஆபத்து மேலும் கூடுகிறது: உயரம் மாறாத திருப்பத்தில் 45 பாகை சாய்ந்தால் ஸ்டால் வேகம் ஏறத்தாழ 19 விழுக்காடும், 60 பாகை சாய்ந்தால் 41 விழுக்காடும் உயர்கிறது. தாழ்வான கடைசித் திருப்பத்தில் தரையின் நெருக்கத்தால் சாய்க்கத் தயங்கி, சுக்கானை மட்டும் அழுத்தி மூக்கைத் திருப்ப முயலும்போது உள்ளிறக்கை முதலில் ஸ்டாலாகி, கிளைடர் சுழன்று வீழ்கிறது; அந்த உயரத்தில் மீட்சிக்கு இடமில்லை. கிளைடர் பறப்பின் முன்னோடியான ஓட்டோ லிலியென்டால் 1896 ஆகஸ்டில் சுமார் 15 மீட்டர் உயரத்திலிருந்து வீழ்ந்து மறுநாள் இறந்ததும் ஸ்டாலால்தான்.

இந்தியக் கிளைடர் பயிற்சியின் பழைய மையங்களுள் ஒன்று புணேயின் ஹடப்சர். தாம்பரம் இந்த ஆய்வில் இடம்பெறுவது வேறு காரணத்தால். 1948-இல் அம்பாலாவில் தொடங்கப்பட்ட விமானப்படையின் பறப்புப் பயிற்றுநர் பள்ளி 1954 முதல் இங்கே இயங்கிவருகிறது; இங்கே தேறுபவர்கள் பிறருக்குப் பறக்கக் கற்பிப்பவர்கள் என்பதால், இங்கே பதியும் பழக்கம் நாடெங்கும் பரவுகிறது. இந்திய விமானப்படையின் அடிப்படைப் பயிற்சிக்குப் பயன்பட்ட ஹெச்பிடி-32 தீபக் விமானத்தில் எஞ்சின் நின்ற நிகழ்வுகள், எஞ்சினுள்ள விமானமும் நொடியில் கிளைடராக மாறும் என்பதைக் கசப்பாக உணர்த்தின. வெளியேற்று இருக்கை அதில் இல்லை. 2009 ஜூலையில் விமானிகள் இருவர் உயிரிழந்தபின் அது பயிற்சியிலிருந்து நிறுத்தப்பட்டது. 2013 முதல் அந்த இடத்தை நிரப்பிய பிலாட்டஸ் பிசி-7 விமானத்தில் வெளியேற்று இருக்கை உண்டு.

வெளியேற வழி இருக்கையில் எஞ்சினற்ற அணுகல் எதற்கு என்ற வாதம் இங்கே எழக்கூடும். அது விமானியின் உயிரை மட்டும் கணக்கில் கொள்கிறது. விமானத்தளத்தைச் சுற்றிச் சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், மாடம்பாக்கம் என ஏரிகளும் வயல்களும் இருந்த பரப்பு குடியிருப்புகளாகி, 2021-இல் தாம்பரம் மாநகராட்சியும் உருவாகிவிட்டது. கைவிடப்பட்ட விமானம் விழ இங்கே வெற்றிடம் குறைவு. அவசரத்தில் இறங்கத் திறந்தவெளி குறையக் குறைய, எங்கே இறங்குவது என்ற முடிவை மேலும் உயரத்திலேயே எடுத்தாக வேண்டும்.

இப்பகுதியின் காற்றும் அதையே வற்புறுத்துகிறது. மே, ஜூன் மாதங்களில் முற்பகலில் மேற்கிலிருந்து வீசும் வெப்பக்காற்றை, நண்பகலை ஒட்டியோ பின்னரோ வங்கக் கடலிலிருந்து வரும் கடற்காற்று தள்ளிவிடுகிறது. சற்றுமுன் எதிர்க்காற்றாக இருந்தது முதுகுக்காற்றாக மாற, அணுகலின் கணக்கு முழுவதும் பிழையாகிறது. மரங்களும் கட்டடங்களும் தடுப்பதால் தரைக்கு அருகே காற்று தளரும். எதிர்க்காற்றில் இறங்கும் கிளைடர் அந்த அடுக்கினுள் நுழையும்போது, விமானி எதுவும் செய்யாமலே அதன் காற்றுவேகம் குறைகிறது. ஸ்டால் வேகத்தின் ஒன்றரை மடங்குடன் காற்றின் வேகத்தில் பாதியைக் கூட்டி அணுகும் விதி இதற்காகவே கற்பிக்கப்படுகிறது. தேவைக்குச் சற்று மிகுந்த உயரத்தில் வந்து, இறக்கைமேல் எழும்பும் ஏர் பிரேக் தகடுகளைப் பாதியளவு திறந்து இறங்குவதும் அத்தகைய காப்பே: தாழ்ந்தால் மூடலாம், மிஞ்சினால் முழுதும் திறக்கலாம்.

இத்திறன் சிறு விமானங்களோடு நிற்பதன்று. 1983 ஜூலை 23-இல் கனடாவில் நடுவானில் எரிபொருள் தீர்ந்த போயிங் 767 விமானத்தைக் கிளைடர் அனுபவமுள்ள தலைமை விமானி ராபர்ட் பியர்சன் கிம்லியின் பழைய ஓடுதளத்தில் இறக்கினார். உயரம் மிஞ்சியபோது, கிளைடர் விமானிகள் செய்வதுபோல விமானத்தைப் பக்கவாட்டில் சறுக்கவிட்டு அவர் அதைக் கரைத்தார். உயிரிழப்பு ஏதும் இல்லை.

எனவே பயிற்றுநர் தேர்வில், குறுகிய சுற்றைத் தேர்ந்து உரிய உயரத்தில் திரும்பி ஓடுதளத்தின் நடுவில் சற்றுக் கடுமையாக இறங்கியவருக்கு, தாழ்வாகத் திரும்பி ஓடுதள முனையில் அழகாக இறங்கியவரைவிட உயர்ந்த மதிப்பெண் வழங்கப்பட வேண்டும்.