மெதுவா ஓடினா பேட்டரி மிச்சமாகுமா?

2007 கடைசியில் ஆசுஸின் ஈ பிசி 701 வந்தது. ஏழு அங்குலத் திரை, ஒரு கிலோவுக்கும் குறைவான எடை. உள்ளே இருந்தது 900 மெகாஹெர்ட்ஸ் செலரான் எம். ஆனால் அளந்து பார்த்தவர்களுக்குக் கிடைத்தது 630தான். மதர்போர்டு தரும் கடிகாரத் துடிப்பை ஒன்பதால் பெருக்கினால் வருவதுதான் இந்த சிபியுவின் வேகம். 100 வர வேண்டிய இடத்தில் 70தான் வந்துகொண்டிருந்தது.

என்னிடமும் ஒன்று இருந்தது. பேட்டரியை இன்னும் கொஞ்சம் இழுக்கலாமே என்று லினக்ஸ் கெர்னலை நானே கம்பைல் செய்து, பி4-கிளாக்மாட் என்ற டிரைவரைச் சேர்த்தேன். 112லிருந்து 900 வரை எட்டு வேகங்கள் வரிசையாக வந்து நின்றன. 225ல் வைத்துவிட்டு ஏதோ சாதித்துவிட்ட நினைப்பு. பக்கத்தை ஸ்க்ரோல் பண்ணவே மெஷின் திணறியது. பேட்டரியோ வழக்கமான நேரத்துக்கே தீர்ந்தது!

ஏன் என்று புரிய 2000ஆம் ஆண்டுக்குப் போகணும். அந்த ஜனவரியில் இன்டெல் ஸ்பீட்ஸ்டெப்பைக் கொண்டுவந்தது. 650 மெகாஹெர்ட்ஸ் மொபைல் பென்டியம் III, பேட்டரிக்கு மாறியதும் 500க்கு இறங்கும். அதைவிட முக்கியம், வோல்டேஜும் 1.6லிருந்து 1.35க்கு இறங்கும். சிபியுவின் மின்செலவு வேகத்துக்கு நேர் விகிதம், வோல்டேஜுக்கோ வர்க்க விகிதம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: வேகம் 23 சதவீதம்தான் குறைகிறது, செலவு கிட்டத்தட்ட 45 சதவீதம் குறைகிறது. அதே மாதம் டிரான்ஸ்மெட்டா அறிவித்த குரூசோ சிப்பில் லாங்ரன் இருந்தது. அது இரண்டு படியோடு நிற்காமல், வேலைக்குத் தகுந்தபடி ஓடும்போதே வேகத்தையும் வோல்டேஜையும் மாற்றும். சோனியின் குட்டி லேப்டாப்பான வாயோ பிக்சர்புக்கில் அதைப் போட்டார்கள்.

விலை குறைந்த செலரான் எம்மில் இன்டெல் ஸ்பீட்ஸ்டெப்பைத் தரவில்லை. கிளாக்மாட் வோல்டேஜைத் தொடாது. எட்டுத் துடிப்புக் காலத்தில் சிலவற்றை விழுங்கிவிடும், அவ்வளவுதான். சூடு ஏறினால் சிப்பைக் காப்பாற்ற வைத்த ஏற்பாடு அது. அடுப்பைச் சிம்மில் வைப்பது வேறு, முழுத் தீயில் வைத்து அணைத்து அணைத்துப் பற்றவைப்பது வேறு இல்லையா?

இன்னொன்று, வேலை இல்லாத நேரத்தில் லினக்ஸ் எப்படியும் சிபியுவைத் தூங்க வைத்துவிடும். ஆக, நான் வெட்டியது வேலை செய்யும் நேரத்தைத்தான். ஒரு விநாடியில் முடிய வேண்டியது நாலு விநாடி இழுத்தது. அந்த நாலு விநாடியும் திரை, மெமரி, வைஃபை எல்லாம் மின்சாரம் குடித்துக்கொண்டே இருந்தன.

2008ல் வந்த ஈ பிசி 901ல் ஆட்டம் என்270, ஸ்பீட்ஸ்டெப்போடு. 1.6 கிகாஹெர்ட்ஸிலிருந்து 800 மெகாஹெர்ட்ஸுக்கு ஒழுங்காக இறங்கும்.

பிற்பாடு ஒருநாள் கெர்னல் கன்ஃபிக்கில் அந்த டிரைவரின் உதவிக் குறிப்பைத் திறந்து படித்தேன். கடுமையாக மெதுவாகும், முடிந்தால் ஸ்பீட்ஸ்டெப்பையே பயன்படுத்துங்கள், முழு நிச்சயம் இல்லாவிட்டால் 'நோ' போடுங்கள் என்று தெளிவாகவே எழுதியிருந்தார்கள். நான் 'எஸ்' போட்டிருந்தேன்.