சாம்பல் குஞ்சில்லாத பூநாரை

ஃப்ளாமிகோவின் கழுத்தடியில் ஒரு முடிச்சு இருக்கிறது. வயிற்றில் சேர்த்துவைத்த சக்தி அலகு வழியே கசிந்துவிடாமல் இருக்க, தன் கழுத்தைத் தானே முடிந்துகொள்ளுமாம். போக்கிமான் விளையாட்டுக்குள் வரும் போக்கிடெக்ஸ் என்ற உயிரின ஏட்டில் அப்படித்தான் இருக்கிறது. வரிசை எண் 973. உயரம் 1.6 மீட்டர், எடை 37 கிலோ. பறக்கும் வகையையும் சண்டை வகையையும் ஒருசேரச் சேர்ந்தது. 2022 நவம்பர் 18-ல் வெளியான ‘போக்கிமான் ஸ்கார்லெட்’, ‘போக்கிமான் வயலெட்’ என்ற இரட்டை விளையாட்டுகளில்தான் இந்தப் பறவை முதலில் தலைகாட்டியது.

அது வந்து சேர்ந்த குடும்பம் பழையது. டோக்கியோவை ஒட்டிய மச்சிடாவில் வளர்ந்த சதோஷி தஜிரிக்குச் சிறுவயதில் பூச்சி பிடிப்பதில் பித்து. அவர் வளர வளர ஊரும் வளர்ந்தது. பூச்சி கிடைத்த வயலும் குளமும் கட்டடங்களுக்கு அடியில் போயின. தேடிப் போய்ப் பிடித்து, சேர்த்து, கூட்டாளியோடு மாற்றிக்கொள்ளும் அந்த இன்பத்தை நகரத்துப் பிள்ளைகளின் கையில் கொடுக்கத்தான் அவர் விளையாட்டை அமைத்தார். 1996 பிப்ரவரி 27-ல் ஜப்பானில் ‘சிவப்பு’, ‘பச்சை’ என்று இரண்டு பதிப்புகள் வந்தன. அன்று 151 உயிரினங்கள். இன்று ஆயிரத்தைத் தாண்டிவிட்டன. பெரும்பாலானவற்றின் முகத்தை உற்றுப் பார்த்தால் உள்ளே ஒரு நிஜ உயிர் தெரியும்: எலி, ஆமை, புழு, புறா.

ஃப்ளாமிகோவுக்குள் இருப்பது பூநாரை. அது உலவும் ‘பால்டியா’ என்ற கற்பனை நிலம், ஸ்பெயினும் போர்ச்சுக்கலும் இருக்கும் ஐபீரியத் தீபகற்பத்தைப் பார்த்து உருவாக்கப்பட்டது. அங்கே மலகா மாகாணத்து ஃபுவென்டே தெ பியெத்ரா என்னும் உப்பேரியில் மழை நன்றாகப் பெய்த ஆண்டுகளில் பூநாரைகள் ஆயிரக்கணக்கில் கூடு கட்டும். பல காலம் உப்பெடுத்த ஏரி அது. அங்கே நிற்கும் பறவையும் நம் தூத்துக்குடி உப்பளத்துக்கு வரும் பறவையும் ஒரே இனம். ஸ்பெயினிலிருந்து ஈரானின் உருமியா ஏரி, கட்ச் ரண், தூத்துக்குடி, இலங்கையின் மன்னார் வரைக்கும் உப்புநீர் தேங்கும் இடங்களைத் தொட்டுத் தொட்டுப் பரவிய இனம். கட்சில் 1945-ல் பறவையியலாளர் சாலிம் அலி பார்த்த பூநாரை நகரத்தில் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல் கூடுகள் இருந்தன.

தூத்துக்குடியின் மீனவர் பகுதியான திரேஸ்புரத்துக்குப் போக்கிமான் வந்த வழி வேறு. முதலில் தமிழ்க் குரல் கொடுத்து ஒளிபரப்பான கார்ட்டூன் தொடர், பிறகு பெட்டிக்கடைப் பாக்கெட்டில் வந்த சீட்டு, அதற்கும் பிறகு போன். நாட்டுப்படகுகள் ஒதுங்கும் கரையில், வலை சிக்கெடுக்கும் பெரியவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போனைத் தேய்க்கும் பையனுக்கு நூறு உயிரினங்களின் பெயர் தெரிந்தால் அதை நான் குறைவாகச் சொல்ல மாட்டேன். சங்குகுளிக்கப் போகிறவர்களின் ஊர் அது. கடலடியில் இன்னின்ன பாரில் இன்னின்னது கிடைக்கும் என்று மனதில் எழுதிவைத்துக்கொண்டு தேடிப் போவதுதான் அந்தக் கரையின் படிப்பு. அந்தப் பையனுடைய மூளை அந்த வேலைக்குப் பழகியது.

ஜப்பானில் கைகூடிய ஒன்று இந்தக் கரைக்கு வந்தது இது முதல் தடவையும் அல்ல. சிப்பிக்குள் மனிதக் கையால் முத்து விளைவிப்பதை 1893-ல் ஜப்பானில் செய்து காட்டினார் மிக்கிமோட்டோ. தூத்துக்குடியின் கடைசிப் பெரிய முத்துக்குளிப்பு 1961-ல் முடிந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1973-ல், மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் அருகிலுள்ள வேப்பலோடையில் நம் சிப்பியிலேயே முத்து விளைத்தார்கள். பாருக்குப் போய்ப் பார்க்க வேண்டியது பண்ணைக்கு வந்தது. உப்பளத்தில் பார்க்க வேண்டிய பூநாரை போனுக்குள் வந்ததும் கிட்டத்தட்ட இதுவே. ஆனால் முத்தை விளைத்தவர்கள் சிப்பியின் வாழ்க்கை முழுவதையும் படித்தாக வேண்டியிருந்தது. ஃப்ளாமிகோவை வரைந்தவர்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

அவர்கள் சரியாகப் பிடித்த ஒன்றை முதலில் சொல்லிவிட வேண்டும். ஃப்ளாமிகோக் கூட்டம் ஒரே நேரத்தில், ஒரே அசைவில் தாக்கும் என்கிறது ஏடு. நிஜப் பூநாரைகள் அப்படியே செய்கின்றன, தாக்குவதற்காக அல்ல, இணை சேர்வதற்காக. நூற்றுக்கணக்கான பறவைகள் நெருக்கியடித்து நடந்து, சட்டென்று ஒரே பக்கம் திரும்பி, தலையை இடவலமாக வெட்டி, சிறகை விரித்து மூடும். கூட்டம் சிறிதானால் இந்த ஆட்டம் சூடு பிடிக்காது. அதனால்தான் சில உயிரியல் பூங்காக்களில் கண்ணாடி வைத்து, கூட்டம் பெரிது என்று பறவைகளை நம்பவைக்கிறார்கள். ஒற்றைக் கால் நிலையும் வெறும் அழகில்லை. 2017-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் இருவர், இறந்த பூநாரையின் உடலைக்கூட ஒற்றைக் காலில் நிறுத்த முடிகிறது என்று காட்டினார்கள். தசைக்கு அதிக வேலை வைக்காமல் மூட்டு அதுவாகவே நிலைகொள்கிறது.

எடை மட்டும் பொருந்தவில்லை. நிஜப் பறவை 2 முதல் 4 கிலோதான். மன்னார் வளைகுடாக் காற்றில் கழுத்தை முன்னுக்கும் காலைப் பின்னுக்கும் நீட்டி அவ்வளவு தூரம் பறக்க அந்த மெல்லிய உடம்பு வேண்டும்.

நிறத்தின் கதை உப்பளத்தில் இருக்கிறது. கடல்நீரைத் தெப்பத்தில் தேக்கி, வெயிலில் வற்றவிட்டு, அடர்த்தி ஏற ஏற அடுத்தடுத்த பாத்திக்குக் கடத்துவார்கள். நீரின் உப்படர்த்தி கூடும்போது மீன் செத்துவிடும். மீன் இல்லாத நீரில் ஆர்டீமியா என்ற உப்புநீர் இறால் தாராளமாகப் பெருகும், நகத்தளவுகூட இல்லாத உயிர். அதன் தீனி நுண்பாசி. கடும் உப்பில் வளரும் துனாலியெல்லா என்ற பாசி, கேரட்டில் உள்ள அதே செம்மஞ்சள் நிறமியைத் தனக்குள் தேக்கிவைக்கும். பாசியிலிருந்து இறாலுக்கு, இறாலிலிருந்து பூநாரைக்கு என்று அந்த நிறமி கைமாறிப் போகிறது. பறவை தலையைக் குப்புறக் கவிழ்த்து, வளைந்த அலகை நீரில் வைத்து, நாக்கால் நீரை இழுத்து வெளியே தள்ளும். அலகோரத்துச் சீப்புப் பற்களில் இறால் தங்கிவிடும். வடகிழக்கு மழை ஓய்ந்து மார்கழி, தை மாதங்களில் தருவைக்குளம், பழையகாயல் பக்கத்து உப்பளங்களில் இது நடக்கும். பாத்தி மிதித்து, வெயிலில் உப்பு வாரும் தொழிலாளர்கள் பராமரிக்கும் அந்த நீர்தான் பறவையின் இறகில் சிவப்பாக ஏறுகிறது.

இந்தக் கதையில் ஒரு துளியும் விளையாட்டில் இல்லை. அதைவிட எனக்கு ஆற்றாமையாக இருப்பது இன்னொன்று. போக்கிமானின் உயிரே உருமாற்றத்தில்தான் இருக்கிறது. புழு கூட்டுப்புழுவாகி வண்ணத்துப்பூச்சியாகும்; சின்னக் குருவி பெரிய கழுகாகும். ஃப்ளாமிகோவுக்கோ முன்வடிவமும் இல்லை, பின்வடிவமும் இல்லை. முட்டையிலிருந்து வரும்போதே இளஞ்சிவப்பாக, முடிச்சோடு வந்துவிடுகிறது.

ஆனால் உருமாற்றத்துக்கென்றே பிறந்த பறவை பூநாரை. சேற்றைக் குவித்த மேட்டில் ஒரே முட்டை. வெளிவரும் குஞ்சு சாம்பல் நிறத்தில், நேரான அலகோடு இருக்கும். அந்த அலகால் நீரை வடிக்க முடியாது. தாயும் தகப்பனும் தொண்டையில் சுரக்கும் சிவந்த பாலைச் சொட்டுச் சொட்டாக ஊட்டுகின்றன. ஊட்ட ஊட்டப் பெற்றோரின் நிறம் வெளுத்துப்போகும். வாரங்கள் போகப் போக அலகு வளையும், இறகு முளைக்கும். குஞ்சு தானே தலையைக் கவிழ்த்துத் தின்னக் கற்கும். நிறம் முழுதாக ஏறச் சில ஆண்டுகள் ஆகும்.

தையில் உப்பளக் கரைக்கு ஒரு பிள்ளையை அழைத்துப் போனால் இத்தனையும் ஒரே கூட்டத்தில் காட்டலாம். நடுவில் சிவந்த சிறகோடு பெரியவை, ஓரத்தில் வெளுத்தவை, அவற்றின் இடையே இன்னும் அழுக்குச் சாம்பலாக, கறுத்த காலோடு போன பருவத்துக் குஞ்சுகள். போனில் பெயர் மனப்பாடமான பையன் முதலில் சிவப்பைத்தான் தேடுவான். சாம்பலைக் காட்டி, இதுவும் அதுதான் என்று சொல்ல வேண்டியது கூடப் போகும் பெரியவரின் வேலை.