புல் முடிந்த வழி: மலைபடுகடாம் காட்டும் பொருளற்ற விருந்தினரின் நன்றியும் கல்வராயன் மலைக் கள ஆய்வும்

ஆய்வுச் சுருக்கம்

ஆற்றுப்படை நூல்களைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் புரவலன், இரவலன் என்னும் இரு முனைகளையே நோக்குகின்றன. அம்முனைகளுக்கு இடையே வழியில் சோறும் உறையுளும் தந்த எளிய மக்களுக்குக் கையில் பொருளில்லாக் கூத்தர் எவ்வாறு நன்றி காட்டினர் என்பதை இக்கட்டுரை மலைபடுகடாத்தின்வழி ஆராய்கின்றது. அந்நன்றி பொருளாக அன்றி ஒழுக்கமாக அமைந்தது என்பதும், அதன் உச்சவடிவம் பின்வருவோர்க்கு வழிகாட்டுதல் என்பதும் இங்கு நிறுவப்படுகின்றன. அவ்வொழுக்கம் கள்ளக்குறிச்சி, கல்வராயன் மலைப் பகுதிகளில் இன்று கள ஆய்வு செய்வோர்க்கு எவ்வாறு பொருந்தும் என்பதும் கருதப்படுகின்றது.

திறவுச்சொற்கள்: மலைபடுகடாம், ஆற்றுப்படை, விருந்தோம்பல், செய்ந்நன்றி, கல்வராயன் மலை, கள ஆய்வு

1. முன்னுரை

விருந்தோம்பல் தமிழர் பண்பாட்டு வரலாற்றில் மிகுதியாக எழுதப்பட்ட பொருள்களுள் ஒன்று. ஆயின் அவ்வெழுத்துகளில் பெரும்பாலானவை விருந்தளிப்போரின் பக்கமிருந்து எழுந்தவை. விருந்து ஓம்புவோன் எவ்வாறு முகம் மலர வேண்டும், எதை அளிக்க வேண்டும் என்பனவே பேசப்பட்டன. விருந்தினன் செய்ய வேண்டியது என்ன என்னும் வினா பின்தங்கியே நிற்கின்றது. வழிச்செல்வோன் வறியவனாக இருக்கும்போது அவ்வினா மேலும் கூர்மை பெறுகின்றது. பெற்ற உணவுக்கு ஈடாகக் கொடுக்க அவனிடம் ஒன்றும் இல்லை. கொடுக்காமலே செல்லவும் அவன் மனம் ஒப்பாது. இந்நெருக்கடியைத் தமிழில் விரிவாகக் கையாண்ட பழைய நூல் மலைபடுகடாம் ஆகும்.

2. நன்றி என்னும் சொல்

திருக்குறளில் விருந்தோம்பல் ஒன்பதாம் அதிகாரமாகவும் செய்ந்நன்றி அறிதல் பதினோராம் அதிகாரமாகவும் அமைகின்றன. இனியவை கூறல் இவ்விரண்டுக்கும் இடையில் நிற்கின்றது. விருந்து, இன்சொல், நன்றி என்னும் இவ்வரிசை எண்ணத்தக்கது.

நன்றி என்பது அங்குப் பெற்றவர் வாயால் சொல்லும் சொல் அன்று. ஒருவர் பிறர்க்குச் செய்த நன்மை. பெற்றவர்க்கு உரிய வினை அறிதலும் மறவாமையும் ஆகும். விருந்தின் பயன் விருந்தினரின் தகுதியைப் பொறுத்தது என்றும், உதவியின் அளவு அதைப் பெற்றவரின் பண்பைப் பொறுத்தது என்றும் வள்ளுவர் கருதுகின்றார். இரு கருத்துகளும் பொறுப்பைப் பெற்றவரிடம் கொண்டுசேர்க்கின்றன. கைம்மாறு பொருளால் அளக்கப்படாதபோது, பெற்றவரின் நடத்தையே அளவுகோலாகின்றது. ஆகவே பொருளற்ற விருந்தினரின் நன்றியைத் தேடுவோர், அவர் எதைக் கொடுத்தார் என்பதைவிட எவ்வாறு நடந்துகொண்டார் என்பதைக் காணுதல் வேண்டும்.

3. நூலும் நிலமும்

பத்துப்பாட்டுள் இறுதியாக வைக்கப்பெற்ற மலைபடுகடாம் 583 அடிகளை உடையது. இரணிய முட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடியது. கூத்தராற்றுப்படை எனவும் வழங்குவது. பாட்டுடைத் தலைவன் பல்குன்றக் கோட்டத்துச் செங்கண்மாத்து நன்னன் சேய் நன்னன். செங்கண்மா இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம் ஆகும். சவ்வாது மலைக்கும் கல்வராயன் மலைக்கும் இடைப்பட்ட நிலத்தில் அவ்வூர் உள்ளது. நூல் கூறும் சேயாறு இன்றும் அப்பெயரோடு ஓடுகின்றது.

கூத்தர் நடந்த வழி கல்வராயன் மலைமீது சென்றது என்று கொள்ளச் சான்று இல்லை. எனினும் அம்மலைத்தொடருக்கு அண்மையில் அமைந்த குறிஞ்சி வாழ்வைப் பேசும் பழைய நூல் என்னும் தகுதி இதற்கு உண்டு.

4. வழியில் விருந்தளித்தோர்

நன்னனின் ஊரை அடையுமுன் கூத்தர் பலரிடம் உண்கின்றனர். மலைச் சீறூரில் நெய்யில் வெந்த ஊனும் தினைச்சோறும் கிடைக்கின்றன. மூங்கிற் குழாயில் விளைந்த தேறலும், மூங்கில் நெல்லரிசியைப் புளியும் மோரும் சேர்த்து அட்ட உணவும் வீடுதோறும் அளிக்கப்படுகின்றன. முல்லை நிலத்தில் இரவில் ஆட்டுநிரையை அடைந்தோர்க்குப் பாலும் பாற்சோறும் கிடைக்கின்றன. தோலால் இயன்ற படுக்கையும் குளிர்காய நெருப்பும் அமைகின்றன. வில்லேந்திய கூளியர் ஊனும் கிழங்கும் தருகின்றனர்.

நன்னன் அளிப்பவை வேறு தரத்தன. பொற்றாமரை, அணிகலன், களிறு, ஆநிரை, குதிரை என அவை விரிகின்றன. அப்பொருளில் வழியில் சோறிட்டோர்க்குப் பங்கு உண்டு என்று நூல் எங்கும் கூறவில்லை. பரிசில் பெற்று மீளும் கூத்தன் தினைச்சோறு இட்டவளுக்கு ஓர் அணிகலனைக் கொடுத்தான் என்னும் செய்தி இல்லை. அவ்வாறாயின் அவர்களுக்குத் திரும்பியது யாது?

5. கூத்தர் திருப்பியளித்தவை

5.1 தம்மை அறிவித்தல்

கூளியரைக் காணின் தாம் எவரிடம் செல்கின்றோம் என்பதைச் சொல்லுமாறு நூல் அறிவுறுத்துகின்றது. சொன்ன பின்னரே ஊனும் கிழங்கும் வருகின்றன. துன்புறுத்துவார் எவரும் இல்லை. அயலார் ஒருவர் புகும்போது விருந்தளிப்போர்க்கு முதலில் தோன்றுவது அச்சம். வந்தவர் யார், எதற்கு வந்தார் என்பதைத் தாமே முன்வந்து தெளிவுறுத்துதல் அவ்வச்சத்தை நீக்குகின்றது. செலவில்லாத முதற்கொடை இதுவே.

5.2 தயங்காது ஏற்றல்

மலைச் சீறூரில் புகும்போது வாயிலில் நில்லாமல் தம் வீடு போலவே புகலாம் எனவும், உரியவர் போலக் கேளாமலே கலந்து பழகலாம் எனவும் கூத்தர்க்குச் சொல்லப்படுகின்றது. முதல் நோக்கில் இது மரியாதைக் குறைவு போலத் தோன்றலாம். ஆயின் தினை விளைப்போர் தம்மிடம் உள்ளதை இடும்போது அதை விலக்குதலும், மிகைப் பணிவால் அவர்களைக் கூச்சப்படுத்துதலும் அவர்தம் வறுமையைச் சுட்டிக் காட்டுவனவாகும். உறவினர் போல ஏற்றல் இட்டவரை உறவினராக உயர்த்துகின்றது.

5.3 எல்லை அறிதல்

மேற்கூறிய உரிமைக்கு உடனே ஒரு வரம்பும் இடப்படுகின்றது. மலைவாழ்நர் அளிக்கும் விருந்தில் மூழ்கித் தாம் நாடிச் செல்லும் பரிசிலையே மறந்து நெடுநாள் தங்கவும் கூடும் என்று கூறும் நூல், பலநாள் தங்காது நிலநாட்டுக்கு இறங்குமாறு பணிக்கின்றது. குவளைப் பூவைத் தொடுதலும் வரையரமகளிர் இருக்கையைக் காணுதலும் தீங்கு தரும் என எச்சரிக்கின்றது. பன்றிக்கு அஞ்சிப் புனம் காப்போர் அமைத்த கற்பொறிகள் வழியில் உள்ளமையால் இருளில் நடவாது விடிந்தபின் செல்லுமாறும் அறிவுறுத்துகின்றது.

இம்மூன்றையும் ஒருங்கே நோக்கின் ஓர் ஒழுங்கு புலப்படும். விருந்தளிப்போரின் உணவிருப்பு, அவர்தம் வழிபாட்டிடம், அவர்தம் வேளாண் காவல் ஆகிய மூன்றுக்கும் விருந்தினரால் ஊறு நேரலாகாது. நூல் இவற்றை விருந்தினரின் நலம் கருதிய எச்சரிக்கைகளாகவே கூறுகின்றது. எனினும் அவற்றின் பயன் விருந்தளிப்போர்க்கும் சேர்கின்றது.

நன்னனிடமும் இவ்வரம்பு நீங்குவதில்லை. பலநாள் தங்கினும் முதல்நாள் போன்ற விருப்பத்தோடு அவன் ஓம்புவான். அதியமானைப் பற்றி ஔவையார் பாடிய புறப்பாட்டிலும் (101) இக்கருத்து உண்டு. ஆயினும், எம் பழைய ஊர்க்குச் செல்வோம் என மென்மையாகக் கூறி விடைபெறும் பொறுப்பு கூத்தரிடமே விடப்படுகின்றது. போ என்று சொல்லும் நிலைக்கு விருந்தளிப்போரைத் தள்ளாமை விருந்தினரின் கடமையாகின்றது.

5.4 இசை

கூத்தரிடம் இருந்த ஒரே செல்வம் இசை. வழி தவறின் நடத்தலை நிறுத்தி, அகன்ற பாறையில் கூடி இசைக்கருவிகளை இயக்குமாறு நூல் கூறுகின்றது. ஒலி கேட்ட மலைவாழ்நர் வந்து உதவுவர். அதே இசை பிறிதோரிடத்தில் கைம்மாறாகின்றது. கவர்த்த வழிகளில் பெயர் பொறித்து நடப்பெற்ற கற்கள் பல உள. அவற்றின்முன் தொன்றுதொட்ட மரபின்படி யாழிசைத்துப் பாடிவிட்டு விரைந்து செல்லுமாறு கூத்தர் பணிக்கப்படுகின்றனர்.

தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1970களின் தொடக்கத்தில் இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு வெளியிட்ட செங்கம் நடுகற்கள் என்னும் தொகுதி, இந்நிலம் நடுகற்களால் நிறைந்தது என்பதை மெய்ப்பித்தது. அக்கற்கள் மலைபடுகடாத்துக்குக் காலத்தால் மிகப் பிற்பட்டவை என்பது உண்மையே. எனினும் ஆநிரை காத்து வீழ்ந்தோர்க்குக் கல் நடும் வழக்கம் இப்பகுதியில் நீண்டு நிலைத்தமையை அவை உணர்த்துகின்றன. ஊரார் நினைந்து போற்றும் இறந்தோரை வழிப்போக்கரும் ஒரு பாட்டால் போற்றுதல் அவ்வூர்க்குச் செய்யும் நன்றியாகும்.

5.5 புல் முடிதல்

நடுகல் வழிபாட்டை அடுத்து வரும் அறிவுரை சிறியது. இக்கட்டுரையின் நோக்கில் தலையாயது. முன்பின் அறியாத நிலத்தில் செல்வோர், வழிகள் கூடும் சந்தியைத் துடைத்துச் சீர்செய்து, புல்லை முடிந்து அடையாளம் இடவேண்டும். பின்வருவோர் அதைக் கண்டு சரியான வழியைத் தேர்வர்.

இங்குப் பெறுபவர் விருந்தளித்தவர் அல்லர், முகமறியாப் பின்வருவோர். பெற்ற உதவியை உதவியவர்க்கே திருப்ப இயலாத வறியோர் அதை அடுத்தவர்க்கு முன்செலுத்துகின்றனர். தொல்காப்பியப் புறத்திணையியல் ஆற்றுப்படைக்குக் கூறும் இலக்கணமும் இதுவே. கூத்தர், பாணர், பொருநர், விறலி ஆகியோருள் பெற்றவர் பெறாதவர்க்கு வழி உரைத்து அவரும் பயன்பெறச் செய்வதே ஆற்றுப்படை. ஆகவே முடிந்த புல்லை ஆற்றுப்படை இலக்கியத்தின் சிற்றுருவம் எனலாம். பாட்டால் கூத்தன் செய்வதைப் புல்லால் வழிப்போக்கன் செய்கின்றான்.

5.6 ஒரு மறுப்பும் விடையும்

வழியில் விருந்தளிப்போரின் ஈகை, நன்னனின் புகழை உயர்த்தப் புலவர் புனைந்தது எனலாம். கூளியர் உதவுவதும் அவன் பெயரைக் கேட்டபின் தானே என வினவலாம். இம்மறுப்பு வலியது. வழி விருந்தின் ஒரு பகுதி புரவலனின் அதிகார நிழலில் நிகழ்ந்தது என்பதை ஏற்றேயாக வேண்டும். ஆயின் புல் முடிதலுக்கு நன்னனின் பெயர் வேண்டுவதில்லை. அதற்கு அவனிடம் பரிசிலும் இல்லை. நடுகல் முன் பாடுதலும் அத்தகையதே. புரவலனைச் சாராத ஓர் ஒழுக்கம் வழிச்செல்வோரிடையே வழங்கியது என்பதற்கு இவை இடம் தருகின்றன.

6. கல்வராயன் மலையும் இன்றைய விருந்தினரும்

2019இல் தனி மாவட்டமான கள்ளக்குறிச்சியிலிருந்து மேற்கே எழும் கல்வராயன் மலையில் மலையாளி என்னும் பழங்குடியினர் மிகுதியாக வாழ்கின்றனர். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்டு வந்தோர் என்பது அவர்தம் வழிவழி மரபு. நீண்ட காலம் ஜாகீர்தார்களின் ஆட்சியில் இருந்த இம்மலை 1976இல்தான் அரசின் நேரடி நிர்வாகத்துக்குள் வந்தது. சாலையும் பள்ளியும் பிந்தி வந்த இம்மலைக்கு நாட்டுப்புறவியல், மானிடவியல், மொழியியல் ஆய்வு மாணவர்கள் செல்வதுண்டு. உதவித்தொகை சிறிதாகவோ இல்லாமலோ செல்லும் மாணவர் மலையூர் ஒன்றில் ஒரு வீட்டுத் திண்ணையில் தங்கி அவ்வீட்டாரின் களியையும் சோற்றையும் உண்ணும்போது, கூத்தரின் நிலையிலேயே நிற்கின்றார். அவர்க்கும் நன்னன் ஒருவன் உண்டு. அது பட்டமாகவோ பணியாகவோ இருக்கலாம். வழியில் உணவிட்டோர்க்கு அப்பரிசிலில் பங்கில்லை என்பதும் அவ்வாறே.

கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரம் 2024 ஜூன் மாதத்தில் நாடறிந்த பெயராயிற்று. மெத்தனால் கலந்த சாராயத்தால் அப்பகுதியிலும் சுற்றிலும் அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதைத் தொடர்ந்து கல்வராயன் மலையின் பெயரும் செய்திகளில் நிறைந்தது. அம்மலை மக்களின் வாழ்நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தாமே முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. மலைபடுகடாம் கூறும் மூங்கிற் குழாய்த் தேறலையும் இந்நச்சுச் சாராயத்தையும் ஒரே கோட்டில் வைத்தல் பொருந்தாது. முன்னது மனையில் விளைந்து விருந்தினர்க்கு இடப்பட்டது, பின்னது வணிகம். ஆயின் இத்துயரம் விருந்தினர் ஒழுக்கம் குறித்த வினாவை நம்முன் நிறுத்துகின்றது. இறப்பு நிகழ்ந்த தெருக்களுக்கு அயலார் பலர் வந்தனர். அத்தகைய வீட்டில் ஆய்வாளர் காட்டத்தக்க மரியாதை, அழைக்கப்படாமல் புகாமையும் கேட்கத் தகாதவற்றைக் கேளாமையும் ஆகும். குவளையைத் தொடாதே என்பதன் இன்றைய பொருள் அதுவே.

ஏனைய கூறுகளும் இவ்வாறு பொருத்திக் காணத்தக்கவை. எந்நிறுவனத்திலிருந்து எதற்காக வந்தோம், பதிவுகள் எங்குச் செல்லும் என்பதை முதல்நாளே எளிய தமிழில் கூறுதல் தம்மை அறிவித்தலாகும். இட்ட உணவை உடனிருந்து உண்ணுதலும் விறகும் நீரும் சுமப்பதில் பங்கேற்றலும் உறவு போல ஏற்றலாகும். விதைப்பும் அறுவடையும் நிகழும் நாள்களில் நெடிது தங்காமை எல்லை அறிதலாகும். சேகரித்த கதையையும் பாட்டையும் அவ்வூரார் கூடியிருக்கும்போது ஒலிக்கச் செய்தலும், எடுத்த நிழற்படங்களின் படிகளைச் சேர்ப்பித்தலும் யாழிசைக்கு நிகராகும்.

எழுத்தில் நன்றி பதிதலுக்குத் தமிழ் ஆய்வுலகிலேயே சிறந்த முன்மாதிரி உண்டு. பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையுடன் 1889இல் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் ஏடு தேடி ஊர் ஊராக அலைந்தவர். ஆழ்வார்திருநகரிக் கவிராயர் வீடுகளில் ஏடு தேடிய செய்தியை என் சரித்திரத்தில் விரித்துரைக்கின்றார். ஏடு உதவியோரின் பெயர்களைப் பதிப்பு முன்னுரைகளில் அவர் பதிந்தமையால், அவ்வேடுகள் எங்கிருந்தன என்பதை இன்றும் அறிகின்றோம். நன்றியாக எழுதிய பெயர்ப்பட்டியல் பின்வந்த பதிப்பாசிரியர்க்கு வழிகாட்டியும் ஆயிற்று. அதுவும் புல் முடிதலே. மலையூர்களில் கதை சொன்னவரை ஆய்வேட்டில் தகவலாளர் என ஓர் எண்ணாக மட்டும் குறித்தல் இம்மரபுக்கு ஒவ்வாது. அவர் இசைந்தால் பெயரையும், இசையாவிடில் அம்மறுப்பையும் மதித்துப் பதிதல் வேண்டும்.

7. முடிவுரை

மலைபடுகடாத்தில் பொருளற்ற விருந்தினர் நன்றியை ஐந்து வகையால் செலுத்துகின்றனர்: தம்மை அறிவித்தல், தயங்காது ஏற்றல், எல்லை அறிந்து நீங்குதல், இசையால் போற்றுதல், பின்வருவோர்க்கு வழி குறித்தல். இவற்றுள் எதற்கும் பொன் வேண்டுவதில்லை. அனைத்துக்கும் கவனம் வேண்டும். முதல் நான்கும் விருந்தளித்தோரை நோக்கியவை. ஐந்தாவது அவ்வெல்லையைக் கடந்து வழியையே பொதுவுடைமையாக்குகின்றது.

கல்வராயன் மலைக்குச் செல்லும் ஆய்வாளர் ஒருவர் எவ்வாறு நடந்துகொண்டார் என்பதைப் பொறுத்தே அடுத்து வரும் மாணவர்க்கு அவ்வூரில் கதவு திறக்கும் அல்லது மூடும். ஆகவே கள ஆய்வுப் பயிற்சியில் வினாநிரல் அமைத்தலோடு விடைபெறும் முறையும் கற்பிக்கப்படுதல் வேண்டும். அதற்குரிய பாடநூல் பத்துப்பாட்டின் இறுதியிலேயே உள்ளது.