தற்காலிக வீடு: பூனைக்கும் வீட்டுக்கும் இடையில் நின்றவர்கள்

1939 செப்டெம்பர் 3ஆம் திகதி பிரித்தானியா ஜேர்மனிக்கு எதிராகப் போர் அறிவித்தது. அடுத்து வந்த நாட்களில் லண்டனில் மிருக வைத்தியர்களின் வாசல்களில் நீண்ட வரிசைகள். நின்றவர்களின் கைகளில் கூடைகள், கூடைகளுக்குள் பூனைகள். அவர்கள் வைத்தியம் பார்க்க வரவில்லை. தாங்கள் வளர்த்ததைக் கொன்று தரும்படி கேட்கத்தான் வந்திருந்தார்கள்.

போரின் முதல் வாரத்தில் மட்டும் லண்டனில் ஏறத்தாழ 400,000 நாய்களும் பூனைகளும் இப்படிக் கொல்லப்பட்டன என்று வரலாற்றாசிரியர் ஹில்டா கீன் எழுதுகிறார். நகரத்தில் இருந்த நாய் பூனைகளில் இது காற்பங்கைவிடச் சற்று அதிகம். அப்போது லண்டன் மீது ஒரு குண்டும் விழவில்லை. பெரிய குண்டுவீச்சு தொடங்கியதே அடுத்த வருசம் செப்டெம்பரில்தான். கொல்லச் சொல்லி அரசாங்கம் உத்தரவு போடவும் இல்லை. சனங்கள் தாங்களாகவே கொண்டுபோனார்கள்.

ஏன்? காரணங்கள் பல. பிள்ளைகளை நாட்டுப்புறத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்த நேரம், உணவுத் தட்டுப்பாடு வரும் என்ற பயம், விமானத் தாக்குதலில் பிராணிகள் வெருண்டு ஓடும் என்ற பேச்சு. இவற்றோடு ஒரு துண்டுப்பிரசுரமும் இருந்தது. விமானத் தாக்குதல் காலத்தில் விலங்குகளைக் கவனிப்பதற்காக அமைக்கப்பட்ட குழு ஒன்று அதை வெளியிட்டிருந்தது. அதன் ஆலோசனையைச் சுருக்கினால் இவ்வளவுதான்: முடிந்தால் பிராணியை முன்கூட்டியே நாட்டுப்புறத்துக்கு அனுப்பிவிடுங்கள். அயலவர் யாரிடமும் ஒப்படைக்க முடியாவிட்டால், கொன்றுவிடுவதே கருணை.

வரலாறு படிக்கிற நாங்கள் இந்த ஆலோசனையில் 'அயலவர்' என்ற சொல்லில்தான் நின்றுவிட்டோம். நாட்டுப்புறத்தில் உறவினர் உள்ளவருக்கு முதல் வழி. ஒருவருமே இல்லாதவருக்குக் கடைசி வழி. இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரேயொரு ஆள். "கொஞ்ச நாளைக்கு நான் வைச்சுப் பார்க்கிறன்" என்று சொல்லக்கூடிய பக்கத்து வீட்டுக்காரர். அந்த ஆள் கிடைத்த பூனை தப்பியது. கிடைக்காத பூனை கூடைக்குள் வரிசைக்குப் போனது.

இன்றைக்கு முகநூலில் "ஃபொஸ்டர் தேவை" என்று படத்தோடு போடுகிறார்களே, அது இந்த ஆளைத்தான் தேடுகிறது. இந்தக் கட்டுரையும் அவரைப் பற்றியதுதான். பிராணியின் சொந்தக்காரருக்கு வரலாற்றில் பெயர் இருக்கிறது. நிறுவனங்களுக்கு ஸ்தாபகர் தினமும் கட்டடமும் இருக்கிறது. இடையில் மூன்று கிழமை வைத்துப் பார்த்தவருக்கு ஒன்றும் இல்லை.

1939இல் அப்படி நின்றவர்களில் பெயர் தெரிந்த ஒருவர் உண்டு. அவருக்குப் பட்டம் இருந்தது, அதனால் பதிவும் இருக்கிறது. ஹமில்டன் சீமாட்டி நீனா, தென்மேற்கு இங்கிலாந்தில் ஃபேர்ன் என்ற தன் பெரிய வளவைப் பிராணிகளுக்காகத் திறந்துவிட்டார். லண்டனின் கிழக்குப் பகுதி ஏழைக் குடும்பங்களிடமிருந்து ஆட்களை அனுப்பி நூற்றுக்கணக்கான பிராணிகளை எடுப்பித்தார். அவை முதலில் போய்ச் சேர்ந்தது லண்டனில் இருந்த அவரது வீட்டுக்கு. சத்தம் தாங்காமல் முறையிட்ட அயலவர்களிடம் அவர் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. சீமாட்டியாக இருந்தாலும் அயல் வீட்டுப் பிரச்சினை ஒன்றுதான் போல.

இந்தக் கதைக்கு ஒரு பின்குறிப்பும் உண்டு. போர் நீள நீள லண்டனில் எலித்தொல்லை கூடியது. உணவுக் கிடங்குகளில் எலி பிடிக்கும் பூனைகளுக்குப் பால்மாப் பங்கீடு கொடுக்கும் நிலை வந்தது. முதல் வாரத்தில் பாரமாகத் தெரிந்த உயிர், இரண்டு மூன்று வருசத்தில் தேசிய சேவையில் இருக்கிற ஊழியராகிவிட்டது!

'தற்காலிகம்' என்ற எண்ணம் 1939இல் பிறந்ததல்ல. 1860இல் லண்டனின் வடக்கில் மேரி டீல்பி என்ற பெண் தெருநாய்களுக்கு இடம் கொடுக்கத் தொடங்கினார். தொடக்கம் ஒரு சிநேகிதியின் வீட்டுச் சமையலறைப் பக்கம். பிறகு ஹொலோவே பகுதியில் பழைய குதிரை லாயம். அதற்கு அவர் வைத்த பெயரைத் தமிழில் சொன்னால், 'காணாமற்போன, பட்டினி கிடக்கும் நாய்களுக்கான தற்காலிக வீடு'. அப்போது 'த டைம்ஸ்' பத்திரிகை இதைப் பரிகசித்து எழுதியது. மனிதரே தெருவில் கிடக்கிற நகரத்தில் நாய்க்கு வீடா என்பதுதான் அன்றைய பலரின் கேள்வி. 1862இல் சார்ள்ஸ் டிக்கன்ஸ் நடத்திய சஞ்சிகையில் அந்த இடத்தை ஆதரித்து ஒரு கட்டுரை வந்த பிறகுதான் நிலைமை கொஞ்சம் மாறியது. 1871இல் அது பற்றர்ஸீக்கு இடம் மாறியது. 1883இலிருந்து பூனைகளையும் ஏற்றது. இன்று உலகம் அறிந்த நிறுவனம். ஆனால் அதன் பெயரில் 'தற்காலிக' என்ற சொல் இப்போது இல்லை.

அந்தச் சொல் போனது எங்களுக்குக் கவலைதான். டீல்பி தன் இடத்தை நாய் வாழ்ந்து முடிக்கிற இடமாக நினைக்கவில்லை. சொந்தக்காரர் வரும் வரைக்கும், அல்லது புது வீடு கிடைக்கும் வரைக்குமான இடமாகத்தான் நினைத்தார். தான் கடைசி வீடு இல்லை என்று தெரிந்துகொண்டே கதவைத் திறப்பது தனியான ஒரு துணிவு.

பூனையை வீட்டுக்குள் வைத்துப் பார்ப்பதற்கு இன்னொரு சின்னச் சிக்கலும் இருந்தது: அது எங்கே கழிக்கும்? குளிர்நாடுகளில் மணல், சாம்பல், மரத்தூள் என்று ஏதோ போட்டுச் சமாளித்தார்கள். கனபேர் இரவில் பூனையை வெளியே விட்டார்கள். 1947இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் எட் லோ என்பவர், எண்ணெய்க் கசிவை உறிஞ்சுவதற்காகத் தான் விற்ற ஒருவகைக் களிமண் துணிக்கைகளை அயல்வீட்டுப் பெண் ஒருவருக்குப் பூனைப் பெட்டிக்காகக் கொடுத்தார். அது வாடையை உறிஞ்சியது, காலில் ஒட்டிக்கொண்டு வீடெங்கும் பரவவும் இல்லை. அதைப் பையில் அடைத்து விற்கத் தொடங்கினார். மாடி வீட்டிலும் ஒற்றை அறையிலும் பூனை வைத்திருக்கலாம் என்றானதில் அந்தக் களிமண்ணுக்குப் பெரிய பங்குண்டு. யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு அந்தக் கவலை இல்லை. ஒரு பழைய பேசின், இரண்டு சிரட்டை மணல் போதும்.

இனி அந்தச் 'சிநேகமான தெருப்பூனை' பற்றி. றோட்டில் போகும்போது காலைச் சுற்றி வந்து உரசுகிற பூனையைக் கண்டால், "பாவம், தெருப்பூனை" என்று சொல்லிவிட்டுப் போகிறோம். ஆனால் பூனை பிறவியிலேயே மனிதரோடு ஒட்டுவதில்லை. பிறந்து இரண்டாம் கிழமைக்கும் ஏழாம் கிழமைக்கும் இடையில் மனிதக் கை பட்ட குட்டிதான் பிறகு மனிதரிடம் சுலபமாக வரும் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. அப்படியென்றால் உங்கள் காலில் உரசுகிற பூனை ஓர் ஆவணம். எப்போதோ, எங்கோ, யாரோ அதைத் தூக்கியிருக்கிறார்கள். பிறகு ஏதோ நடந்திருக்கிறது. வீடு மாறியிருக்கலாம், வெளிநாடு போயிருக்கலாம், பெட்டைக்குட்டி எண்டு சாக்கில கட்டிக் கொண்டுவந்து சந்தையடியில விட்டிருக்கலாம்.

மழைக்காலம் ஒன்றில் அப்படியொரு ஆவணம் எங்கள் வாடகை வீட்டுக்கும் வந்தது. நாங்கள் நாலுபேர், பரீட்சை முடிந்தால் ஆளுக்கொரு ஊருக்குப் போகிறவர்கள். நிரந்தரமாக வளர்க்க வழியில்லை. அதனால் முதலே முடிவெடுத்தோம்: நாங்கள் இதன் சொந்தக்காரர் இல்லை, இடையில் நிற்கிறவர்கள் மட்டும். முதலில் ஒழுங்கை முழுக்கக் கேட்டோம், யாருடையதாவது காணாமற்போனதா என்று. பிறகு மிருக வைத்தியரிடம் காட்டினோம். விசர்நோய்த் தடுப்பூசி போட்டு, குட்டி போடாமல் இருக்கச் சத்திரசிகிச்சையும் செய்வித்தோம். மீன்தலை வாங்க முறை வைத்தோம். வெளிச்சத்தில் எடுத்த நல்ல படத்தோடு, அது என்ன சாப்பிடும், யாருக்குப் பயம், எங்கே படுக்கும் என்றெல்லாம் எழுதி வட்ஸ்அப்பில் போட்டோம். கேட்டு வந்தவர்களிடம் நாங்களும் கேள்வி கேட்டோம். ஐந்தாம் கிழமை ஒரு வயதான அம்மாவும் அவரின் பேத்தியும் வந்து கொண்டுபோனார்கள். அன்றிரவு வீடு கொஞ்சம் வெறிச்சோடித்தான் போனது.

"குடுக்கிறதெண்டா ஏன் வளர்த்தனீங்கள்?" என்று கனபேர் கேட்டார்கள். தற்காலிகம் என்றால் பாதி அன்பு, பாதிப் பொறுப்பு என்ற எண்ணம் இந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

தமிழ் இலக்கியம் அப்படி நினைக்கவில்லை. சிலப்பதிகாரத்தில் 'அடைக்கலக் காதை' என்று ஒரு காதையே இருக்கிறது. மதுரையின் புறத்தே கவுந்தியடிகள் கண்ணகியையும் கோவலனையும் மாதரி என்ற ஆயர்குலப் பெண்ணிடம் ஒப்படைக்கிறார். மாதரி கண்ணகிக்குத் தாயும் இல்லை, உறவும் இல்லை. சொற்ப காலத்துக்கு வீடு கொடுத்தவர் மட்டும். ஆனால் தன்னிடம் ஒப்படைத்த அடைக்கலத்தைக் காக்க முடியாமற் போனதென்று அவர் தீயில் விழுந்து இறந்ததாகக் காப்பியம் பிறகு சொல்கிறது. அந்த முடிவை நாங்கள் கொண்டாடவில்லை. எத்தனை நாள் வைத்திருந்தோம் என்பதை வைத்துப் பொறுப்பை அளக்காத ஒரு பார்வை எங்கட மொழியில் பழையது என்றுதான் சொல்கிறோம். வீட்டு வளையில் கூடு கட்டுகிற குருவிக்கும் அடைக்கலக்குருவி என்றுதானே பெயர்?

இங்கே எங்கட வரலாற்றில் ஒரு வெற்றிடம் இருக்கிறது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்துச் சனம் மழைக்குள் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. அந்த இடப்பெயர்வைப் பற்றிக் கவிதைகள் இருக்கின்றன, கதைகள் இருக்கின்றன. மாட்டை அவிழ்த்து விட்டதும், நாய் கொஞ்சத் தூரம் பின்னால் வந்ததும் வீடுகளில் இன்றைக்கும் கதைக்கப்படுகின்றன. ஆனால் அங்கே தங்கியிருந்த மாதங்களில் யாருடைய பூனைக்கு யார் சோறு வைத்தார்கள், திரும்பி வந்தபோது எந்த வீட்டில் எது உயிரோடு இருந்தது, போக முடியாமல் ஊரில் நின்றுவிட்ட கிழவர்கள் எத்தனை வீட்டுப் பிராணிகளைப் பார்த்தார்கள் என்பதெல்லாம் யாரும் உட்கார்ந்து எழுதாத விசயங்கள். லண்டனுக்கு ஹில்டா கீன் இருந்தார். அவரும் பழைய நாட்குறிப்புகளையும் குடும்பக் கதைகளையும் தேடித்தான் எழுதினார்.

அந்தத் தலைமுறை இன்னும் எங்கட வீடுகளில் இருக்கிறது. இந்த விடுமுறைக்கு வீட்டுக்குப் போனால் அம்மம்மாவிடம் கேளுங்கோ: "நீங்கள் வெளிக்கிட்டபோது பூனையை ஆர் பார்த்தது?" சொல்லுகிற பெயரை, ஊரை, வருசத்தை ஒரு கொப்பியில் குறித்து வையுங்கோ.