அறுபத்தொன்றும் அதற்குரிய பேரெண்ணும்

ஓர் எண்ணின் வர்க்கத்தை 61ஆல் பெருக்கி ஒன்றைக் கூட்டினால், வருவதும் ஒரு முழு எண்ணின் வர்க்கமாக இருக்க வேண்டும். அந்த எண் யாது? இரண்டாம் பாஸ்கரர் 1150 அளவில் இயற்றிய ‘பீஜகணிதம்’ என்னும் நூலில் எழுப்பிய வினா இது.

61க்குப் பதிலாக 60 என்று கொண்டால் விடை 4, வர்க்கமூலம் 31. 62 என்று கொண்டால் 8, வர்க்கமூலம் 63. இடையிலுள்ள 61க்கோ மிகச் சிறிய விடையே 22,61,53,980. அதற்குரிய வர்க்கமூலம் 176,63,19,049. நாளொன்றுக்கு ஆயிரம் எண்கள் வீதம் சோதித்துக்கொண்டே போனால், இவ்விடையை எட்ட அறுநூறு ஆண்டுகளுக்கு மேலாகும்.

இப்பேரெண்ணுக்கு ஓர் அழகிய இயல்பு உண்டு. அதிலிருந்து ஒன்றைக் கழித்தால் 29,718இன் வர்க்கத்தைப்போல் இரு மடங்கு. ஒன்றைக் கூட்டினால் 3,805இன் வர்க்கத்தைப்போல் 122 மடங்கு. அதாவது இருமுறை அறுபத்தொன்று. இவ்விரண்டையும் பெருக்கினால், 61ஐயும் ஒரு முழு வர்க்கத்தையும் பெருக்கிய தொகை கிடைக்கிறது. வினாவின் நிபந்தனை இதுவே.

பாஸ்கரர் கையாண்ட முறைக்குச் ‘சக்கரவாளம்’ என்று பெயர். மணிமேகலை வாசகர்களுக்குப் பழகிய சொல்தான். வட்டம், சுற்றிவரும் வளையம் என்பது பொருள். கணக்கின் விளைவே மீண்டும் தொடக்கமாவதால் இப்பெயர் பொருந்துகிறது. 8இன் வர்க்கம் 61ஐவிட 3 கூடுதல், இங்கே தொடக்கம். ஒரு சுற்றில் 39, 5 என்னும் எண்கள் கிடைக்கின்றன: 39இன் வர்க்கம் 1521, 5இன் வர்க்கத்தை 61ஆல் பெருக்கினால் 1525. வேறுபாடு நான்கு. வேறுபாடு நான்கானால் நேரே விடைக்குத் தாவும் வழியைப் பிரம்மகுப்தர் 628ஆம் ஆண்டிலேயே வகுத்திருந்தார். சக்கரவாள முறையும் பாஸ்கரருக்கு முந்தியது. உதயதிவாகரர் 1073இல் எழுதிய உரையில், ஜெயதேவர் என்பவர் இம்முறையை விளக்கும் செய்யுள்கள் மேற்கோளாக உள்ளன. கிருபா சங்கர் சுக்லா 1954இல் அவற்றை ஆய்வுலகுக்கு அறிமுகம் செய்தார்.

1657இல் பிரான்சின் ஃபெர்மா இதே வகை வினாவை ஐரோப்பியக் கணித அறிஞர்களிடம் அறைகூவலாக வைத்தபோது, எடுத்துக்காட்டாக 61ஐயும் 109ஐயும் குறித்தார். இந்திய நூலிலிருந்து எடுத்தாரோ என்ற ஐயம் எழுவது இயல்பு. ஆனால் அதற்குச் சான்று இல்லை. ‘பீஜகணிதம்’ கோல்புரூக்கின் ஆங்கில மொழிபெயர்ப்பாக வெளிவந்தது 1817இல்தான். ஒற்றுமைக்குக் காரணம் எண்ணிலேயே இருக்கிறது. நூறுக்குட்பட்ட எண்களில் மிகப் பெரிய விடையைத் தருவது 61. வினாவை ஆழ்ந்து ஆராயும் எவரும் அங்கு வந்து நின்றே ஆக வேண்டும்.

இங்கிலாந்தின் பிரௌங்கர் வழி கண்டார். ஆய்லர் அதை ஜான் பெல் என்பவருடையதெனத் தவறாகக் கருதியதால், இன்றும் பாடநூல்களில் இது ‘பெல் சமன்பாடு’. வர்க்கமல்லாத எந்த எண்ணுக்கும் விடை உண்டு என்று நிறுவியவர் லக்ராஞ்சு, 1760களின் பிற்பகுதியில். பாஸ்கரர் வழியைத் தந்தார். அது தவறாமல் விடையில் முடியும் என்பதற்கான நிறுவலைத் தரவில்லை. இரண்டையும் சேர்த்துச் சொல்வதே வரலாறு. முன்னதை மறைப்பது பாஸ்கரருக்கும், பின்னதை மறைப்பது லக்ராஞ்சுக்கும் இழைக்கும் அநீதி. பெயரில் நிலைத்துவிட்ட பெல்லுக்கோ இவ்விரண்டிலும் பங்கில்லை.