மலையகப் பாட்டை எழுத ஒரு வளைகோடு

மஸ்கெலியாத் தோட்டங்களில் மாசி மாதத்துக் காமன் கூத்தைப் பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். பாடுபவர் ஒரு சொல்லின் கடைசி ஓசையைப் பிடித்து நீட்டுவார். தப்பின் தாளம் ஒரு சுற்று முடிந்து மறுசுற்றுத் தொடங்கிய பின்னும் அவ்வோசை அறாது நிற்கும். இந்த நீட்சியைத் தாளில் எழுதுவது எவ்வாறு?

மேனாட்டு இசையெழுத்தில் தாளம் செங்குத்துக் கோடுகளால் அறைகளாகப் பிரிக்கப்படும். எந்தக் குறியும் தன் அறைக்குள் அடங்கவேண்டும். ஓசை அடுத்த அறைக்கும் நீண்டால், அங்கே அதே சுரத்தை மீண்டும் எழுதி, இரண்டையும் ஒரு வளைகோட்டால் இணைப்பர். இதற்கு 'டை' என்று பெயர். நான்கு அடி கொண்ட அறையில் ஐந்து அடி நீளும் சுரம் வந்தால், நான்கடிக் குறி ஒன்றும் ஓரடிக் குறி ஒன்றும் இவ்வாறு சேரும். கண்ணுக்கு இரண்டு, காதுக்கு ஒன்று. வெவ்வேறு சுரங்களைத் தொடுக்கும் 'ஸ்லர்' என்ற கோடும் தோற்றத்தில் இதைப் போன்றதே. ஆனால் அதன் பொருள் வேறு.

நமது சுரதாள முறையில் இதே வேலையைப் புள்ளிகள் செய்கின்றன. குறில் ஓர் அட்சரம், நெடில் இரண்டு. காற்புள்ளி ஓர் அட்சரத்தையும் அரைப்புள்ளி இரண்டையும் கூட்டும். தாளக்கோட்டுக்கு அப்பாலும் புள்ளியிட்டால் கார்வை தொடரும்.

இவ்விரு வழிகளிலும் பெருமுயற்சிகள் நடந்துள்ளன. ஏ. எம். சின்னசாமி முதலியார் 1892இல் சென்னையிலிருந்து நம் கீர்த்தனைகளை மேனாட்டு எழுத்தில் வெளியிடத் தொடங்கினார். சுப்பராம தீட்சிதர் 1904இல் எட்டயபுரத்தில் வெளியிட்ட 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' கமகங்களுக்கும் தனிக் குறிகள் வகுத்தது.

தோட்டத்துப் பாட்டுக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் மலையகப் பாடல்களைத் தேடித் தொகுத்தது பெருந்தொண்டு. எனினும் நாட்டார் பாடல் தொகுப்புகள் பெரும்பாலும் சொற்களையே தருகின்றன. மெட்டு பாடுவோர் தொண்டையிலேயே தங்கிவிடுகிறது. அந்தத் தொண்டைகளோ சிதறிப்போயின. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. லயம் லயமாக உறவுகள் பிரிந்தன. 1960களின் இறுதியில் பழைய மஸ்கெலியா நகரமும் மவுசாகலை நீர்த்தேக்கத்தில் மூழ்கியது.

இன்று நிலைமை வேறு. 'மியூஸ்ஸ்கோர்' என்ற இசையெழுத்து மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. முதற் சுரத்தைத் தெரிவுசெய்து 'டி' விசையை அழுத்தினால் வளைகோடு விழும். கோட்டை மறந்தால், எழுதியதைக் கணினி வாசிக்கும்போது இரண்டாவது சுரம் புதிதாக ஒலித்து ஓசை வெட்டுப்படும். பிழை உடனே தெரிந்துவிடும். தாளமின்றி விரியும் தொகையறாவை மட்டும் வலிந்து அறைகளுக்குள் அடைக்கலாகாது.

கைப்பேசியில் ஒலிப்பதிவு இருக்க எழுத்து எதற்கு என்று கேட்கலாம். பதிவு, ஒருவர் ஒருநாள் பாடியதைக் காக்கும். எழுத்தோ, அவரைக் கண்டிராத நீலகிரிப் பேத்தியும் ரொறன்ரோப் பேரனும் அதைத் தம் குரலில் பாட வழிவிடும். இரண்டும் வேண்டும். மலையகப் பாடசாலைகளின் சங்கீத ஆசிரியர்கள், முதியவர்கள் இருக்கும்போதே பாட்டைப் பதிந்து, பிறகு பொறுமையாக எழுதவேண்டும். ஆண்டுக்கு ஒரு பாட்டு என்றாலும் போதும், இவ்வாண்டே தொடங்கட்டும்.